கழுத்தில் பொன்வளையம்

கோயிலை ஒட்டிய ஞானோபதேச அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மார்கரெட்டின் விளக்குமாற்றில் ஓர் இறகு சிக்கியது. கோழி இறகு என்றுதான் முதலில் நினைத்தாள். சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கருஞ்சாம்பல் நிறம். நுனியில் மெழுகு சொட்டி உறைந்ததுபோல ஒரு மஞ்சள் புள்ளி. ஊர்க்கோழிக்கு அப்படி இறகு கிடையாது, காட்டுக்கோழிக்குத்தான் உண்டு.

"அது என்னோடதுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்த அறையில் தங்கிப் படம் வரையும் பெயிண்டர் பிலவேந்திரன் வாயில் பல்பொடி நுரையோடு வாசலில் நின்றிருந்தார். அவள் கையிலிருந்து இறகை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே, இனி அறையைக் கூட்ட வர வேண்டாம், தானே கூட்டிக்கொள்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மார்கரெட் கோயில் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

பிலவேந்திரனுக்கு ஊர் தியாகதுருகம். வருஷம் முழுக்க உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் போர்டு எழுதுவார். கார்த்திகை பிறந்துவிட்டால் குடில் வேலை. சுற்றுவட்டாரத்துக் கோயில்களில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கவிடுகிற படுதாக்களை அவர்தான் வரைவார். எல்லா ஊருக்கும் ஒரே படம்தான். மணல், ஈச்சமரம், மூன்று ஒட்டகம். இந்த வருஷம் கள்ளக்குறிச்சியிலிருந்து பூசை வைக்க வரும் சாமி அதை மாற்றச் சொல்லிவிட்டார். இந்த ஊரில் ஒட்டகத்தை யார் பார்த்தார்கள், பாலன் இயேசு நம்முடைய கல்வராயன் மலை அடிவாரத்தில் பிறந்திருந்தால் கரடியும் மயிலும் முயலும்தானே வந்து பார்த்திருக்கும், அவற்றைப் போடுங்கள் என்றார். ஊர்க்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வடக்கனந்தல் பக்கத்துக் கோயில்களில் இல்லாத படுதா தங்கள் சின்னக் கோயிலில் தொங்கப்போகிறது என்று மார்கரெட்டும் சந்தோஷப்பட்டாள். இறகைப் பார்க்கும்வரை.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் சின்னப்பன் காட்டிலாகாவில் வாச்சர். தற்காலிக வேலைதான். கோமுகி அணைக்குப் பின்னால் மலை ஏறுகிற சரிவு முழுக்க அவன் பார்க்க வேண்டிய பகுதி, அவர்கள் பேச்சில் பீட். தை மாதம் சில வாச்சர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அந்தப் பேர்களை ரேஞ்சர்தான் மேலே அனுப்ப வேண்டும் என்று ஐப்பசியிலேயே பேச்சு வந்துவிட்டது. அதே ஐப்பசியில் பக்கத்துப் பகுதியில் ஒரு கம்பிக் கண்ணி அகப்பட்டு, அந்த வாச்சரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் பகுதியில் ஒரு கண்ணி இருந்தாலும் உன் பேரை எழுத மாட்டேன் என்று ரேஞ்சர் சின்னப்பனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

வேலை நிரந்தரமானால் மார்கரெட் கரும்பு வெட்டப் போக வேண்டியதில்லை. பொங்கல் முடிந்ததும் இரண்டு பெண்களையும் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நெல்லிக்குப்பம் பக்கம் போய்க் கொட்டகையில் கிடக்க வேண்டியதில்லை. சின்னவள் போன வருஷம் அவள் திரும்பி வந்தபோது கிட்டவே வரவில்லை. மூன்று நாள் பாட்டியின் புடவைக்குப் பின்னாலேயே நின்றாள்.

அதனால் காட்டுக்கோழி இறகை அவள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆள் வந்த பிறகு என்னென்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவர் மலை ஏறியதை யாரும் பார்க்கவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கும்வரை தூங்குகிறார். ஆனால் படுதாவில் மலையின் உயிர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இறகு கிடைத்த மறுநாள் சன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டார். வண்ணத்தில் கலக்குவதற்காகத் தினமும் வஜ்ரப் பசை காய்ச்சுகிறார். அந்த வாடையில் பக்கத்தில் வேறு எது நாறினாலும் தெரியாது. ஒருநாள் அறைக்குப் பின்னால் அவர் கொட்டிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. சாயம் என்று நினைத்தாள். சாயத்தில் ஈ மொய்க்குமா என்று இப்போது யோசித்தாள்.

மரவள்ளி பிடுங்கப் போகும்போது பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். பாப்பாத்தி எதையும் எட்டிப் பார்க்காமல் விடுகிறவள் இல்லை. கதவு இடுக்கில் ஏற்கெனவே பார்த்துவிட்டாளாம்.

"கரடிய பாத்தியாக்கா? ரெண்டு கால்ல நின்னுக்கினு சலாம் போடுது" என்றாள். "மலைக்கரடி எங்கன்னா சலாம் போடுமா? நம்ம ரேஞ்சர பாத்துட்டுச்சோ இன்னாவோ."

கிழங்குக் குழியிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மார்கரெட்டும் சிரித்தாள். கரடி வித்தைக்காரன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்டிக் காட்டிய கரடியைத்தான் அவர் வரைந்திருக்கிறார் என்று புரிந்தது. ஆக, இந்த மனுஷன் தான் கண்ணால் எப்படிப் பார்த்தாரோ அப்படியே வரைகிறவர். அப்படியானால் காட்டுக்கோழியை எங்கே பார்த்தார்?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சின்னப்பனிடம் சொன்னாள். இறகு, சாக்குக் கட்டிய சன்னல், சிவப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். காட்டில் ஒருத்தி விறகு ஒடித்தால்கூடச் சண்டைக்குப் போகிறவன், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"படம் வரையறவன். வுடு மே" என்றான்.

"உன் பீட்ல இருந்துதான வந்திருக்கும்?"

"இறகுதான. எங்கன்னா வுழுந்து கெடந்திருக்கும்."

அத்தோடு எழுந்து கை கழுவப் போய்விட்டான். மார்கரெட் அந்தத் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். பெயிண்டர் இவனை ஏதோ பேசி மயக்கி வைத்திருக்கிறாரா, இல்லை இவனுக்கே பயமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமி படுதாவைப் பார்க்க வேண்டும் என்றார். பிலவேந்திரனால் மறுக்க முடியவில்லை. அறைக்கு வெளியே இரண்டு ஆட்கள் படுதாவைப் பிடித்து விரித்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது.

மலை அப்படியே இருந்தது. அணைத் தண்ணீரின் பச்சை, மேலே பாறை, பாறை இடுக்கில் கோரைப்புல். நடுவில் பாலனுக்காக விட்டிருந்த வெற்றிடம். அதைச் சுற்றி மயிலும் காட்டுக்கோழிச் சேவலும் கௌதாரியும் முயலும், ஓரத்தில் சலாம் போடும் கரடியும். ஒவ்வொன்றின் கழுத்திலும் தங்க வண்ணத்தில் மெல்லிய ஒரு வளையம் மின்னியது. வெயில் பட்டதும் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வளையம் எதற்கு என்று சாமி கேட்டார். பிலவேந்திரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நானா போடலீங்க சாமி. எல்லாத்துக்கும் கழுத்துல ஒரு கோடு இருந்துச்சு. மயிலுக்கு, சேவலுக்கு, மொசலுக்குக்கூட. மலை உசிருன்னா அப்படித்தான் போலக்குதுன்னு தங்கத்துல எடுத்துக் காட்டினேன்."

கரடிக்கும் இருந்ததா என்று யாரோ கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இருக்கும்போது கரடிக்கு மட்டும் இல்லாமல் போகுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சாமிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆண்டவர் நம் மலையின் ஜீவன்களுக்கு ஜெபமாலை போட்டு அனுப்பியிருக்கிறார், கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் இதைத்தான் பேசப்போகிறேன் என்றார். குடிலைத் திறந்துவைக்க ரேஞ்சரைக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னார். காட்டைக் காக்கிறவர் கையால் திறப்பதுதானே பொருத்தம் என்றார்.

மார்கரெட் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தாள். அவள் கண் சேவலின் காலில் நின்றுவிட்டது. கிளைமேல் உட்கார்ந்திருக்கும் சேவல் கிளையைப் பிடிக்கவில்லை. விரல்கள் உள்பக்கம் மடங்கிக் கிளைக்கு மேலே காற்றில் சுருண்டிருந்தன. அறுத்த கோழியைத் தலைகீழாகப் பிடித்தால் கால் இப்படித்தான் இருக்கும். இடது காலில் ஒரு விரல் இல்லாததைக்கூட பெயிண்டர் விடாமல் வரைந்திருந்தார். முயலின் காது முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஓடும்போது அப்படி இருக்கும், உட்கார்ந்திருக்கிற முயலுக்கு இருக்காது.

கழுத்து வளையத்தை மறுபடி பார்த்தாள். சிறுவயதில் அவளுடைய அப்பன் கரும்புக் கொல்லை வரப்பில் முயலுக்குக் கம்பி கட்டுவார். காலையில் கொண்டுவந்து போடுகிற முயலின் கழுத்தில் மயிர் இரண்டாகப் பிரிந்து ஒரு வட்டம் இருக்கும். தோலுரிக்கும்போது அவள்தான் காலைப் பிடித்துக்கொள்வாள். இறுகிய கம்பியின் தடம் அது. பெயிண்டர் அதைப் பிறவி அடையாளம் என்று நினைத்துப் பொன் பூசி வைத்திருக்கிறார். அதைத்தான் சாமி ஜெபமாலை என்கிறார். அதன் முன்னால்தான் ரேஞ்சர் வந்து மெழுகுவத்தி ஏற்றப் போகிறார்.

கண்ணி வைக்கிறவன் எவனோ இந்த ஆளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்று அப்போது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், நாளைக்கே கச்சிராயபாளையம் போய் ரேஞ்சர் ஆபீசில் பெயிண்டரைப் பற்றிச் சொல்லிவிடப் போகிறேன், அதற்கு முன்னால் அவர்களே கண்டுபிடித்தால் உன் வேலை போய்விடும் என்று சின்னப்பனிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. போகாதே என்றான். ஏன் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே குடத்தை எடுத்துக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போனாள். தண்ணீர் சேந்தவில்லை. கிணற்று மேடைக்குப் பின்னால் இருந்த ஆமணக்குச் செடிகளுக்குள் உட்கார்ந்துகொண்டாள். மலைப்பக்கமிருந்து யாராவது வருவார்கள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். வந்தது காக்கிச் சட்டை. சின்னப்பன்தான். தலைப்பாகைத் துண்டில் எதையோ சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தான். ஞானோபதேச அறையின் கதவு உடனே திறந்தது. எப்போதும் தூங்குகிற பெயிண்டர் அவனுக்காக விழித்திருந்தார். துண்டின் ஓரத்தில் கௌதாரியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பெயிண்டர்மேல் அவள் கட்டிவைத்த சந்தேகம் முழுக்க அப்படியே எழுந்து தன் வீட்டுக்கு நடந்துபோவதைப் போல இருந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கேட்டாள். முதலில் எரிந்து விழுந்தான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னான். கார்த்திகை தொடக்கத்திலிருந்து அவன் பகுதியில் கண்ணிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. ரேஞ்சரிடம் சொன்னால் பேர் போய்விடும். அதனால் பொழுது விடியும் முன் ஏறி, இருக்கிற கண்ணிகளை எடுத்துவிட்டு, மாட்டிச் செத்துக் கிடந்ததை எடுத்து வந்து கரும்புக் கொல்லையில் புதைத்தான். மலையிலேயே புதைத்தால் நாய் தோண்டி இழுத்துப்போட்டுவிடும். அப்படி ஒருநாள் காட்டுக்கோழியோடு வரும்போது கிணற்றடியில் பெயிண்டர் பார்த்துவிட்டார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கொடுங்கள், வரைந்துவிட்டுத் தருகிறேன் என்று கும்பிட்டார்.

"செத்துக் கெடந்துச்சுன்னு சொன்னேன். நெசந்தான? அதுக்கப்புறம் எது கெடச்சாலும் குடுத்துட்டு, வெயில் ஏர்றதுக்குள்ள திருப்பி எடுத்தாந்து பொதச்சிடுவேன். சும்மா மண்ணுல போறதுக்கு அந்த படுதாவுலயாவது இருக்கட்டுமேன்னு தோணுச்சு."

"கம்பிங்கள இன்னா பண்ண?"

"கோமுகில எறிஞ்சிட்டேன்."

"கண்ணி வெச்சது யாரு?"

"தெரியாது."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். விரல்களில் கம்பி கீறிய தழும்புகள். கண்ணியைப் பிரிக்கிறவன் கையிலும் அது வரும். கட்டுகிறவன் கையிலும் வரும். அவன் சொன்னதில் எதுவும் பொருந்தாமல் இல்லை. எதையும் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்லவும் வழியில்லை. கம்பி தண்ணீருக்குள், உடல் மண்ணுக்குள்.

முதலில் வளையத்தை அழிக்க வேண்டும் என்றாள். இருவரும் பெயிண்டரிடம் போனார்கள். அந்தக் கோடு என்ன என்று சின்னப்பன் மெல்ல எடுத்துச் சொன்னான். பிலவேந்திரன் நம்பவில்லை. இத்தனை உயிருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். நம்பியதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் கைரேகை எல்லாவற்றிலும் இருக்குமே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனால் வளையத்தை அழிக்க முடியாது என்றார். சாமி அதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார், இப்போது காணாமல் போனால் ஏன் என்று கேட்பார், அப்போது யார் பதில் சொல்வது? மார்கழிப் பனியில் படுதாவும் ஈரம் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே ரேஞ்சரின் ஜீப் வந்துவிட்டது. சாக்கை மண்ணில் தோய்த்துக் குகைபோல் கட்டிய குடில், வைக்கோல், வண்ணக் காகித நட்சத்திரம். பின்னால் படுதா. சந்தைக்குக் கடுக்காய் கொண்டுபோகிற வழியில் மலைக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். சின்னப்பன் இஸ்திரி போட்ட காக்கியில் ஜீப்பின் பக்கத்தில் விறைப்பாக நின்றான். மார்கரெட் கேக் தட்டை ஏந்திக்கொண்டு ரேஞ்சரின் கண் போகிற இடமெல்லாம் தானும் பார்த்தாள்.

அவர் கண் கடிகாரத்துக்குத்தான் அடிக்கடி போயிற்று. மெழுகுவத்தி ஏற்றினார். படம் ஜோர் என்றார். சாமி ஜெபமாலையைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். கரடியைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். இரண்டு கேக் துண்டு எடுத்துக்கொண்டு சாமியோடு பேசியபடி வெளியே வந்துவிட்டார். சின்னப்பனின் தோளைத் தட்டி, தையில் நல்ல சேதி வரும் என்றார்.

மார்கரெட்டுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கவனித்தாள். படுதாவுக்கு முன்னால் ஒருவன் மட்டும் நகராமல் நின்றுகொண்டிருந்தான். மேல்கிராமத்து வேடியப்பன். அவளுக்குத் தெரிந்தவன்தான். வருஷா வருஷம் அவனிடம்தான் புளி வாங்குவாள். அவன் சேவலின் கழுத்தைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தான். வெளியே வந்து, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, சின்னப்பன் தனியாக நின்ற வேப்பமரத்தடிக்குப் போனான். மார்கரெட் தட்டோடு அங்கே போய் நின்றாள்.

"வாச்சரே, அந்த நொண்டிச் சேவலு ரெண்டு வருசமா என் சாமைக் கொல்லையில மேஞ்சுதுங்க" என்றான் வேடியப்பன். "கண்ணி இருந்த எடத்துல இறகுதான் கெடக்குது, கம்பியும் காணோம், சேவலும் காணோம். மாயவன்தான் திருடிட்டான்னு அவன்கூட பேச்ச வுட்டுட்டேன். பாவம், பங்காளி. இப்பத்தான தெரியுது, அது சாமி கும்புட எறங்கி வந்துட்டு இருக்குது."

வேடியப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"போவட்டும் வுடுங்க. உங்களுக்கு தை பொறந்தா வேல பர்மனென்ட்டு. எங்களுக்கும் பொங்கலு வருதில்ல? இனிமே அந்தப் பக்கம் நீங்க வராதீங்க. இந்தப் பக்கம் நான் வாயத் தொறக்கல."

தட்டிலிருந்து கேக் எடுத்துக்கொண்டு, நல்லாக்குதுங்க என்று மார்கரெட்டிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றான். ஜீப் டிரைவர் பீடியை அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"மாமா, ஜீப்பு கெளம்பறதுக்குள்ள போய் சொல்லிடு" என்றாள் மார்கரெட்.

"சொன்னா வேல போச்சு மே."

"சொல்லலன்னா வேல அவன்து. நீ காக்கி போட்டுக்கினு அவனுக்குத்தான் வாச்சரா இருப்ப."

அவன் அவளைப் பார்த்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்று தேடுவதுபோலப் பார்த்தான். கரும்புக் கொட்டகையும் சின்னவளின் முகமும் அவளுக்கு நினைவு வராமல் இல்லை. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான். அவள் பின்னால் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னான். ரேஞ்சர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு இறங்கி, யாரிடமும் பேசாமல் குடிலுக்குள் போய்ச் சேவலுக்கு எதிரில் நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. சாமி என்ன நடக்கிறது என்று புரியாமல் பின்னாலேயே வந்தார். ஞானோபதேச அறைக்குள் யாரோ தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கண்ணி வைத்தவன் யார் என்று ரேஞ்சர் கேட்டார். தள்ளி நின்ற வேடியப்பனின் கையில் கேக் வாய்க்குப் போகாமல் நின்றது.

"தெரியாதுங்க ஐயா" என்றான் சின்னப்பன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கம்பி எங்கே என்றார். அணையில் எறிந்துவிட்டேன் என்றான். செத்தவை எங்கே என்றார். கரும்புக் கொல்லையில் புதைத்தேன், அதற்குமேல் இப்போது தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள் என்றான்.

"யாருன்னு தெரியாது, கம்பி தண்ணியில, மிச்சமெல்லாம் மண்ணுல" என்றார் ரேஞ்சர். "கண்ணி வெச்சதே நீதான்னு நான் ஏன் எழுதக் கூடாது?"

ரேஞ்சர் மார்கரெட் பக்கம் திரும்பினார்.

"நீதான் இவன் சம்சாரமா? நீ சொல்லும்மா. இவன் கண்ணி வெக்கிற ஆளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த வார்த்தை அவளிடம் இல்லை. இருந்ததைச் சொன்னாள்.

"அவரு மலையில இன்னா பண்றாருன்னு எனக்கு தெரியாதுங்க ஐயா. நான் பின்னால போவல. ஆனா இந்த மாசத்துல எங்க வூட்டு சட்டியில மொசலு வேகல, கௌதாரி வேகல. கண்ணி வெக்கிறவன் திங்கறதுக்கு வெப்பான். படம் வரையறதுக்கு வெக்க மாட்டான்."

ரேஞ்சர் படுதாப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டார். இந்த வருஷம் உன் பேர் போகாது என்று சின்னப்பனிடம் சொன்னார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை, ஆனால் திருநாள் முடிந்ததும் ஆட்களோடு வந்து அந்தச் சரிவைச் சல்லடை போட்டுத் தேடுவேன், ஒரு கம்பி அகப்பட்டாலும் அப்போது வேறு மாதிரிப் பேசுவேன் என்றார். அந்தத் தங்கத்தை அழித்துவிடுங்கள் சாமி என்று கடைசியாகச் சொன்னார். சாமிக்கு அப்போதுதான் ஜெபமாலை என்னவென்று புரிந்தது. அவர் குடில் பக்கம் திரும்பிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

ஜீப் போன பிறகு மார்கரெட் வேடியப்பனைத் தேடினாள். கடுக்காய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தான். சந்தைக்கு இன்னும் போகவேயில்லை. நடையில் அவசரம் தெரிந்தது. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டியவற்றை எடுக்கப் போகிறான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு ஒரு நிம்மதி. எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் சின்னப்பன் அவன் பேரைச் சொல்லவில்லை என்றால், அவன் இப்படி ஓடுவதும் பொருந்துகிறது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தே செய்திருந்தாலும் இதே மாதிரிதான் பொருந்தும் என்ற நினைப்பு உடனே வந்தது. வந்ததற்காகத் தன்மீதே அவளுக்குக் கோபம்.

வீட்டுக்கு நடந்தார்கள். மரவள்ளிக் கொல்லையைத் தாண்டியதும் அவன் கேட்டான்.

"நீயும் என்ன சந்தேகப்பட்டுக்கினுதான் இருந்தியா?"

"ஆமா."

"இப்ப?"

அவள் பொய் சொல்ல நினைத்தாள். நிரந்தர வேலை போன மனுஷனிடம் இன்று ஒருநாள் சொல்லலாம்தான். "இன்னும் கொஞ்சம் இருக்குது" என்றாள்.

அவன் நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தாள். தொப்பியைத் தலையில் வைத்து, மறுபடி எடுத்து, உள்ளங்கையில் தட்டிக்கொண்டான்.

"அப்ப நாளைக்கு காலையில என்கூட வா. மேல வரிக்கும் ஏறு. நான் எங்க நிக்கிறேன், எத எடுக்கறேன்னு நீயே பாரு."

"நாளைக்கு திருநாளு. பூசைக்கு யாரு போறது" என்றாள் மார்கரெட். "நாளன்னிக்கு வரேன்."